வழிவழியாக

ஏல கேட்லாகில் அந்தக் கண்ணாடிக்கு ஐந்து வரி ஒதுக்கியிருந்தார்கள். மூன்றாம் ஜார்ஜ் காலத்து இங்கிலாந்து வேலை, 1765 வாக்கில் செய்தது, செதுக்கிய மரச்சட்டம், தங்கரேக்கு ஒட்டியது, ஆளுயரத்துக்கும் மேலே. கீழே ‘உடைமை வரலாறு’ என்று ஒரு தலைப்பு, அதில் ஒரே வரி: யார்க்‌ஷயரில் ஒரு குடும்பத்துக்காகச் செய்யப்பட்டது, அதன் பிறகு ‘பை டிசென்ட்’. பழம்பொருள் ஏலத்துக்குப் போகிறவர்களுக்கு நன்றாகப் பழகிய சொல். வழிவழியாக வந்தது என்று அர்த்தம். அப்பா பிள்ளைக்குக் கொடுத்தார், பிள்ளை பேரனுக்குக் கொடுத்தார், நடுவில் யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை. திருட்டுப் பொருளாக இருக்காது, போலியாகவும் இருக்காது. இந்தச் சொல் இருந்தால் விலை ஒரு படி ஏறும். அன்றைக்கு அதைப் படித்தபோது எனக்கும் மரியாதைதான் வந்தது. இருநூற்றைம்பது வருடம் ஒரே குடும்பத்தின் சுவரில் இருந்த பொருள்.

நான் 2009லிருந்து லீட்ஸில் இருக்கிறேன். நான்கு வருடமாகச் சனிக்கிழமைகளில் தங்கரேக்கு வேலை கற்றுக்கொள்கிறேன். சொல்லித்தருபவர், பழைய சட்டங்களைச் சீர்செய்தே வாழ்க்கையைக் கழித்து ஓய்வு பெற்ற பெண்மணி. ஏலத்துக்கு முன்னால் பொருள்களை எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று ஒரு நாள் வைப்பார்கள். அந்த நாளில் எங்களை அழைத்துப் போனது அவர்தான். எல்லோரும் கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். அவர் நேராகப் பின்பக்கம் போனார். கண்ணாடியை முன்னாலிருந்து பார்த்தால் உன் முகம்தான் தெரியும், பின்னால் வா என்றார்.

பின்பக்கம் ஊசியிலை மரப் பலகை. காய்ந்து, எண்ணெய்ப் பசையே இல்லாமல், பழுப்பேறிய தேநீர் நிறம். விரலால் தடவினால் கைரம்பமும் இழைப்புளியும் போன தடம் மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டது. கையால் அடித்த ஆணி. சாக்கட்டியில் எழுதிய ஓர் எண், பாதி அழிந்தது. ஒரு மூலையில் பொருள் பாதுகாப்புக் கிடங்கு ஒன்றின் சீட்டு, இன்னொரு மூலையில் வேறு ஏதோ சீட்டைக் கிழித்த தழும்பு. முன்பக்கம் வந்தபோது அவர் ஒரு பென்சிலை எடுத்து முனையைக் கண்ணாடியில் தொட்டுக் காட்டினார். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் தெரியும் இடைவெளி கண்ணாடியின் தடிமனைச் சொல்லிவிடும். இங்கே இடைவெளி மிகக் குறைவு. பழைய கண்ணாடி அப்படித்தான், மெல்லியது. ரசமும் பழையதுதான். ஓரங்களில் சாம்பல் நிறத்தில் பொரிந்திருந்தது. அடிப்பக்கம் உப்புத்தாளைத் தேய்த்துவிட்டது போல ஒரு பட்டை. முகம் தெரிந்தது. ஆனால் மழைக்கு முந்தைய வெளிச்சத்தில் பார்ப்பது மாதிரி, கொஞ்சம் நீலம் கலந்து தெரிந்தது.

படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அன்று ராத்திரி பேசும்போது அம்மா அதைத்தான் முதலில் கேட்டார்.

“என்னடா அது, ரசம் போன கண்ணாடி? வீட்டுக்குள்ள கொண்டாந்துடாதே.”

“வாங்கலம்மா. சும்மா பார்த்தேன். நம்ம காசுக்கு லட்சக்கணக்குல போகும்.”

“யாரு வீட்டுது?”

வழிவழியாக வந்த கதையைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டார். அப்புறம், “அவ்வளவு பெரிய கண்ணாடி செய்ய அவங்களுக்குப் பணம் எங்கேருந்து வந்துச்சாம்?” என்றார்.

“பெரிய குடும்பம்மா. நிலபுலன் இருந்திருக்கும்.”

“நிலத்துல யாரு வேலை பார்த்தா?”

அம்மா இதை வாதத்துக்காகக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பழைய பொருள் எது வீட்டுக்குள் வந்தாலும் கேட்கிற கேள்விகள் இவை. சந்தையில் பழைய பித்தளை அண்டா வாங்கினால் முதலில் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள், என்ன பெயர் வெட்டியிருக்கிறது என்று. ஒரு பெயருக்கு மேல் இன்னொரு பெயர் வெட்டியிருந்தால் எப்படிக் கைமாறியது என்று விசாரிப்பார்கள். சரியான பதில் வராத அண்டாவில் பொங்கல் வைக்க மாட்டார்கள்.

மறுநாள் ஏலத்துக்குப் போனபோது அங்கிருந்த ஊழியர் ஒருவரிடம் அம்மாவின் கேள்வியை அப்படியே கேட்டேன். அந்தக் குடும்பத்தின் பணம் எதிலிருந்து வந்தது என்று தெரியுமா? மரியாதையாகத்தான் பதில் சொன்னார். உடைமை வரலாறு என்பது பொருளைப் பற்றியது, பணத்தைப் பற்றியது இல்லை என்றார். தொழில் வழக்கப்படி அது சரிதான். ஆனால் அந்தப் பதில் எனக்குள் தங்கிவிட்டது. போன வருடம் முழுக்க எங்கே போனாலும் கூடவே வந்தது.

ஒரு சட்டத்துக்குள் இருப்பது

இந்த வேலையைக் கையால் செய்து பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்படியொரு சட்டத்தில் தங்கம் கொஞ்சம்தான், உழைப்புதான் அதிகம். செதுக்கிய மரத்தின் மேல் சுண்ணத்தூளையும் தோல் பசையையும் சூடாகக் கலந்து பூச வேண்டும். ஒரு பூச்சு இல்லை, எட்டு, பத்து. பூசப்பூச உளி போட்ட கூர்மையெல்லாம் மழுங்கிவிடும். இலை நரம்பு, பூவிதழ் மடிப்பு எல்லாவற்றையும் அந்தச் சுண்ணத்தில் திரும்ப வெட்டியெடுக்க வேண்டும். அதன் மேல் செம்மண் போன்ற ஒரு களிமண் பூச்சு. அதன் மேல்தான் ரேக்கு. தஞ்சாவூர் ஓவியத்தில் புடைத்து நிற்கும் வேலையைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

ரேக்கை விரலால் தொட முடியாது, தொட்டால் விரலோடு போய்விடும். அணில் முடியில் செய்த தட்டையான தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தடவிக்கொள்வோம். கன்னத்தின் எண்ணெய்ப் பசையில் ரேக்கு தூரிகையோடு ஒட்டிக்கொண்டு வரும். களிமண்ணை ஈரப்படுத்திப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும். கடைசி அரை அங்குலத்தில் அதுவாகவே தாவி ஒட்டும். அந்த நொடியில் நாங்கள் யாரும் மூச்சுவிட மாட்டோம். காய்ந்த பிறகு நாய்ப்பல் வடிவத்தில் உள்ள அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவோம். உள்ளங்கை அகல இலை ஒன்றுக்கு எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போகும். அந்த ஏலக் கண்ணாடியில் அப்படி எத்தனை இலை, எத்தனை சுருள், உச்சியில் ஒரு பறவை வேறு.

ஆனாலும் அந்தக் காலத்தில் சட்டத்தைவிடக் கண்ணாடிக்குத்தான் விலை அதிகம். ஊதிச் செய்யும் கண்ணாடியில் பெரிய பலகை வராது. பெரிதாக வேண்டுமென்றால் பிரான்சிலிருந்து வார்ப்புக் கண்ணாடி வரவழைக்க வேண்டும். இங்கிலாந்தில் அப்படி வார்க்கும் ஆலை ரேவன்ஹெட்டில் தொடங்கியதே 1770களில்தான். மரச்சாமான் செய்வதில் பேர்போன சிப்பெண்டேல் 1769இல் லண்டன் கென்வுட் மாளிகையின் நூலக அறைக்குப் பிரெஞ்சுக் கண்ணாடிகள் தர ஒப்புக்கொண்ட தொகை 340 பவுண்டு. வீட்டு வேலை செய்த பெண்ணின் வருடச் சம்பளம் பெரும்பாலும் 10 பவுண்டைத் தொடாத காலம் அது.

அப்புறம் ரசம். வெள்ளீயத் தகட்டைக் கல்மேடையில் விரித்து, மேலே பாதரசத்தை ஊற்றி, அதன் மேல் கண்ணாடியை நகர்த்தி வைத்து, பாரம் ஏற்றி நாள்கணக்கில் வடியவிடுவார்கள். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1835இல் வெள்ளியைப் படியவைக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகும் பல வருடம் இந்தப் பழைய முறை போகவில்லை. இதைச் செய்தவர்களுக்குக் கை நடுங்கும், ஈறு வீங்கும், பல் கொட்டும். அவர்கள் பெயர் எந்தக் கண்ணாடியின் பின்னாலும் இல்லை. அன்றைக்குக் கண்ணாடியின் அடியில் பார்த்த அந்தச் சாம்பல் பட்டையும் அந்த ரசம்தான், இத்தனை வருடம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

36ஆம் எண் பஸ்

லீட்ஸிலிருந்து வடக்கே 36ஆம் எண் மாடி பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, ஹேர்வுட். எட்வின் லாசெல்ஸ் கட்டிய வீடு. 1759இல் தொடங்கி 1771இல் குடியேறினார். ஜான் கார், ராபர்ட் ஆடம் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களின் கையும் அதில் இருக்கிறது. உள்ளே இருப்பது சிப்பெண்டேல். 1718இல் பக்கத்தில் உள்ள ஓட்லியில் பிறந்த தச்சுக் குடும்பத்துப் பையன், லண்டனில் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் பட்டறை போட்டு நாட்டிலேயே பெரிய பெயர் எடுத்த பிறகு, சொந்த மண்ணுக்குப் பக்கத்தில் செய்த வேலை இது. 1767இல் தொடங்கி சாகும் காலம் வரை நீண்டது. வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய ஒப்பந்தம், மொத்தம் 10,000 பவுண்டுக்கும் மேல். அந்த ஏலக் கண்ணாடியின் குடும்பத்தைப் பற்றி எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் எல்லாமே எழுதிவைத்திருக்கும் ஒரு வீட்டில் அம்மாவின் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் போனேன்.

கேலரி என்கிற நீண்ட கூடத்தில் ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உள்ள சுவர்களில் கண்ணாடிகள் நிற்கின்றன. பகலில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நடுவே அந்தச் சுவர்கள் இருட்டாகத் தெரியும். கண்ணாடி வைத்தால் இருட்டுப் போய்விடும். ராத்திரியில் ஒரு மெழுகுவத்தி இரண்டாகும். ஜன்னல்களுக்கு மேலே நீலத் துணி மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது என்று நினைத்தேன். துணி இல்லை, மரம். குஞ்சம், மடிப்பு, சுருக்கம் எல்லாம் மரத்தில் செதுக்கி வண்ணம் பூசியது. கீழே நின்று கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ரேக்கு வேலை கற்றுக்கொண்டதால் எனக்குத் தெரிகிறது, இந்தக் கூடத்தில் அவசரமாகச் செய்த ஓர் அங்குலம் கிடையாது. மனதார வணங்க வேண்டிய கைகள்.

இங்கே ‘வழிவழியாக’ என்பது சும்மா ஒரு வரி இல்லை. எட்வினுக்குப் பிள்ளை இல்லை. 1795இல் அவர் இறந்ததும் சித்தப்பா வழியில் உறவான எட்வர்டுக்குப் போயிற்று. அவர்தான் 1812இல் முதல் ஹேர்வுட் ஏர்ல் பட்டம் பெற்றவர். பிறகு அவர் மகன், அவர் மகன் என்று தொடர்ந்தது. 1840களில் சார்லஸ் பேரி வீட்டை மாற்றிக் கட்டினார். சிப்பெண்டேலின் பெரிய கட்டில் பிரித்து மூட்டை கட்டப்பட்டது. இரண்டு உலகப் போரிலும் வீடு காயம்பட்டவர்கள் தேறும் மருத்துவமனையாக இருந்தது. ஆறாவது ஏர்ல், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மருமகன், 1947இல் இறந்தபோது வந்த வாரிசு வரியில் நிலத்தில் பெரும்பகுதி விற்றுப் போயிற்று. வீட்டிலிருந்த மரச்சாமான்களிலும் சில போயின. நூலக மேசை 1965இல் ஏலத்துக்கு வந்து, லீட்ஸ் நகரத்தின் டெம்பிள் நியூசம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. 1986இல் ஹேர்வுட் அறக்கட்டளை ஆனது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி குறையவில்லை. ஏலக்காரர்கள் கனவு காண்கிற உடைமை வரலாறு இது.

பணம் எங்கேருந்து வந்துச்சாம்? எட்வினின் அப்பா ஹென்றி லாசெல்ஸ் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸில் சுங்க வசூல் அதிகாரி. சர்க்கரை வியாபாரம், அடிமை வியாபாரம், தோட்ட முதலாளிகளுக்கு வட்டிக்குக் கடன். எட்வின் பிறந்ததே பார்படோஸில்தான், 1713இல். ஹென்றி 1738 வாக்கில் இந்த யார்க்‌ஷயர் நிலத்தை வாங்கினார். பிறகு கடனைக் கட்ட முடியாதவர்களின் தோட்டங்கள், அங்கே வேலை செய்த மனிதர்களோடு சேர்த்து, ஒவ்வொன்றாகக் குடும்பத்தின் கைக்கு வந்தன. அது பெரும்பாலும் 1773க்கும் 1787க்கும் நடுவில். சிப்பெண்டேலின் ஆட்கள் இந்தக் கூடத்தில் சட்டங்களை மாட்டிக்கொண்டிருந்த அதே வருடங்கள். நான் நின்ற இடத்தில் எனக்கு இந்த வருடக் கணக்குதான் உறைத்தது. ‘முன்னொரு காலத்தில் சம்பாதித்த பணம்’ என்று தள்ளிவைக்க வழியில்லை. தங்கம் ஒட்டுகிற வேலையும் மனிதர்களைக் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொள்கிற வேலையும் ஒரே குடும்பத்தின் கணக்கில் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன.

இதை ஹேர்வுட் மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள், இப்போதைய ஏர்ல் வெளிப்படையாகப் பேசுகிறார். ‘காணாமல் போன உருவப்படங்கள்’ என்று ஒரு வரிசை தொடங்கி, பிரபுக்களின் படங்கள் தொங்கும் வீட்டில் கறுப்பினத்தவர்களின் படங்களை வைக்கிறார்கள். முதலில் வந்தது ஆர்தர் ஃபிரான்ஸின் படம், 1967இல் லீட்ஸ் மேற்கிந்தியக் கார்னிவலைத் தொடங்கியவர். அடுத்தது நடிகர் டேவிட் ஹேர்வுட். இரண்டையும் எடுத்தவர் ஆஷ்லி கேரல்.

டேவிட் ஹேர்வுட் என்ற பெயரை நான் எத்தனையோ முறை டிவியில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. பார்படோஸில் ஹேர்வுட் ஏர்லின் தோட்டத்தில் அவருடைய முன்னோர்கள் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களுக்கு இந்தப் பெயர் வந்த வழி அதுதான். ஊரில் அண்டாவின் கழுத்தில் பெயர் வெட்டுவார்களே, அது நினைவுக்கு வந்தது. யாருடைய பொருள் என்பதற்கு வெட்டுவது. அந்தப் பெயர் இன்றைக்கும் ஒரு மனிதரின் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. அவரும் வழிவழியாக வந்தவர்தான்.

1,277

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ், அடிமை முறையின் எச்சங்களைப் பற்றி ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் தேடலாம். அன்று ராத்திரி ‘ஹேர்வுட்’ என்று தட்டினேன். அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தபோது, பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு. இரண்டாவது ஹேர்வுட் ஏர்லுக்கு பார்படோஸிலும் ஜமைக்காவிலும் ஆறு தோட்டங்கள். அவற்றில் இருந்த 1,277 மனிதர்களுக்காக அவர் வாங்கியது 26,000 பவுண்டுக்கு மேல்.

வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஏறத்தாழ 20 பவுண்டு. சிப்பெண்டேல் 1773இல் இந்த வீட்டுக்குச் செய்து கொடுத்த, டயானா, மினர்வா உருவங்கள் பதித்த அலமாரியின் விலை 86 பவுண்டு. நடுவில் அறுபது வருடம் இருக்கிறது, பணத்தின் மதிப்பு மாறியிருக்கும், இதைச் சரியான ஒப்பீடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்ட தாளில் அந்த இரண்டு எண்ணும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு படித்ததுதான் என்னை நிஜமாகவே அசைத்தது. இரண்டு கோடியைக் கொடுக்க அரசிடம் பணம் இல்லை. 1.5 கோடி பவுண்டு கடன் வாங்கினார்கள். அது கடன் பத்திரமாகி, வேறு பத்திரங்களோடு சேர்ந்து, மாறி மாறிப் புதுப்பிக்கப்பட்டு, கடைசியாகத் தீர்க்கப்பட்டது 2015இல். நிதி அமைச்சகமே இதை வெளியில் சொல்லியிருக்கிறது.

2015இல் நான் இங்கே இருந்தேன். வேலை பார்த்தேன், வரி கட்டினேன். பக்கத்து அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில், சம்பளத்தையும் வரியையும் காட்டும் பி-60 தாள்களை வருட வரிசைப்படி வைத்திருக்கிறேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது கேட்டார்கள் என்று பத்திரப்படுத்தியவை. எடுத்து மேசையில் பரப்பினேன். 2010லிருந்து 2015 வரை ஆறு தாள். ஒவ்வொன்றிலும் அந்த வருடம் நான் கட்டிய வரி, பென்ஸ் வரைக்கும் அச்சாகியிருக்கிறது. அந்தக் கடனுக்கு அதில் எவ்வளவு போயிருக்கும்? சில காசுகள் இருக்கலாம், அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். தொகை எனக்கு முக்கியமாகப் படவில்லை. இந்தக் கதையில் நான் பார்வையாளன், டிக்கெட் வாங்கி உள்ளே போய் வேடிக்கை பார்த்துவிட்டு பஸ் ஏறுகிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பணம் போன வழியைத் தொட்டுக்கொண்டே வந்தால் என் மேசைக்கு வந்து நிற்கிறது. லீட்ஸில் வரி கட்டிய ஆர்தர் ஃபிரான்ஸின் மேசைக்கும் அப்படித்தானே வந்து நின்றிருக்கும்? 1950களிலும் 60களிலும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து இந்த ஊரில் பஸ் ஓட்டியவர்கள், மருத்துவமனைகளில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்கள், தங்கள் கொள்ளுத்தாத்தாக்களை வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த இழப்பீட்டின் கடனைச் சம்பளத்திலிருந்து கட்டியிருக்கிறார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

உடைமை வரலாறு பொருளைப் பற்றியது, பணத்தைப் பற்றியது இல்லை என்று அந்த ஊழியர் சொன்னதை இப்போது என்னால் ஏற்க முடியவில்லை. தொழில் வழக்கம் மாறாத ஒன்றும் இல்லை. ஓர் ஓவியம் 1933இலிருந்து 1945 வரை யாரிடம் இருந்தது என்ற கேள்வியை ஒரு காலத்தில் யாரும் கேட்கவில்லை. நாஜிகள் யூதர்களிடமிருந்து பறித்தவை கைமாறிக் கைமாறிச் சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்தன. 1998இல் வாஷிங்டனில் நாடுகள் கூடிச் சில கொள்கைகளை ஒப்புக்கொண்ட பிறகு, அந்தப் பன்னிரண்டு வருடத்தைத் தேடிப் பார்ப்பது அருங்காட்சியகங்களிலும் பெரிய ஏல நிறுவனங்களிலும் வேலையின் ஒரு பகுதி ஆகிவிட்டது. யாரோ விடாமல் கேட்டதால் வந்த மாற்றம். அதே போல, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பொருள் ஒன்று விற்பனைக்கு வரும்போது, வாங்கிய குடும்பத்தின் பெயரை இழப்பீட்டுப் பட்டியலில் தேடிப் பார்ப்பது ஒருவருக்கு ஐந்து நிமிட வேலை. இருந்தால் ஒரு வரி. இல்லையென்றால், தேடினோம், இல்லை என்று ஒரு வரி.

கண்ணாடியைக் கழற்ற வேண்டும், உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைச் செதுக்கியவர்கள் மேலும் எனக்கு அன்பு இருக்கிறது. பத்துப் பூச்சு சுண்ணத்தைப் பூசித் திரும்ப வெட்டிய அந்தக் கை யாரையும் விலைக்கு வாங்கவில்லை. சொல்லப்போனால் சிப்பெண்டேலே இந்த மாதிரிப் பெரிய வீடுகளிடமிருந்து பணம் வாங்கப் பாடாய்ப் பட்டவர். அவர் மகன் 1804இல் திவாலானார். கண்ணாடி அங்கேயே இருக்கட்டும். சங்கிலியில் விட்டுப்போன கண்ணிகளைச் சேர்த்து எழுத வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. எழுதுவதற்கு வேண்டியது ரொம்ப தூரத்தில் இல்லை. வீட்டுக் கணக்குகளும் காரியஸ்தர் கடிதங்களும் லீட்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மேற்கிந்தியத் தோட்டங்களின் தாள்கள் பலவற்றைச் சீர்செய்து யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் ஆவண நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். நடுவில் 40 கிலோமீட்டர்தான். தனித்தனியாகப் படித்தால் ஒன்று கலை வரலாறு, மற்றது அடிமை வரலாறு. ஒரே மேசையில் வைத்துப் படித்தால் ஒரு வீட்டின் வரவு செலவு.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினேன். கண்ணாடியை மறந்திருப்பார் என்று நினைத்தேன், மறக்கவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாயே அம்மா என்று ஆரம்பித்து, சர்க்கரைத் தோட்டம், கடன், இழப்பீடு, என் பி-60 வரை எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

“ஆயிரத்து இருநூத்து எழுபத்தேழு பேரா?”

“ஆமாம்மா.”

“அவங்க பேரெல்லாம் எங்கேயாவது எழுதி வெச்சிருக்காங்களா, வெறும் எண்ணிக்கைதானா?”

“அப்போ இருந்தவங்களைப் பதிவேட்டுல எழுதியிருக்காங்கம்மா. பார்படோஸ்ல 1817லேயே ஒண்ணு எடுத்திருக்காங்க. பேரு, வயசு, ஆணா பொண்ணா, என்ன வேலைன்னு. இப்போ கம்ப்யூட்டர்லயே பார்க்கலாம்.”

“உன் முன்னாடி இருக்கா?”

“இருக்கு.”

அம்மா போனை எதிலோ சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“படி, கேக்கறேன்.”

பக்கத்தைப் பெரிதாக்கிக்கொண்டு முதல் பெயரிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.